வராதவர்களுக்கும் குரல் கொடுத்தோம்

1981, தை, செவ்வாய்க்கிழமை

இன்று எங்கள் தோட்டத்து முதியோர் வகுப்பைச் சோதிக்க ஹட்டனிலிருந்து கல்வி அதிகாரி வந்தார். பலன் இல்லையென்றால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார்.

அதிகாரி வரவு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். வராதவர்களுக்கும் நாங்களே "இருக்கேங்க" என்றோம். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கூட்டாளி பிந்தினால் அப்படித்தான் குரல் கொடுப்போம். அவர் தலைகளை எண்ணினார்.

"பொய் இடாப்பா, டீச்சர்?"

டீச்சரின் முகம் வெளிறியது. நான் எழுந்து அதிகாரியிடம் போனேன்.

"டீச்சர் மேல குத்தமில்லீங்க ஐயா. மாடசாமிக்குக் குரல் குடுத்தது நான்தான். அவரு காய்ச்சல்ல கெடக்காரு."

அதிகாரி தன் காகிதத்தில் எழுதினார். எழுத்தைக் கண்டால் இப்போது எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் நின்றபடியே எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்துவிட்டேன்.

"வகுப்பை மூடலாம்."

அதிகாரி நிமிர்ந்தார். "பெரியவர் எங்க படிச்சீங்க?"

"இங்கதாங்க. போன வருசம் வரைக்கும் கைநாட்டுங்க."

அவர் சிரித்துவிட்டார். எழுதியதை வெட்டி, கீழே வேறு எழுதி, காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"இதையும் வாசிங்க."

"வகுப்பைத் தொடரலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். யாரும் கேட்காமலேயே இன்னொரு தடவையும் வாசித்தேன்.