ஈர ஷூ

அம்மாவுக்கு உன் வாலில்லாக் குரங்கின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

இங்கே கடையிலிருந்து வீடு வீடாக ரொட்டி கொண்டுபோனால் ஒவ்வொரு வீட்டிலும் பேய்க்கதை சொல்வார்கள். அதை நான் அடுத்த வீட்டில் சொல்ல, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நான் சும்மா இருப்பேனா? நேற்று முதல் வீட்டில், "ரொட்டிக்காரப் பையன் கிணத்துல விழுந்துட்டான், ஷூ மட்டும் மிதக்குது" என்று அளந்தேன்.

கடைசி வீட்டில் தையல்காரர் ஈர ஷூவைக் காயவைத்துக்கொண்டிருந்தார். "கிணத்துல கெடச்சுது. பாவம் அந்தப் பையன். நீ புதுசா தம்பி?"

அதன் நாடாவில் நீ போடும் இரட்டை முடிச்சு! என் ஷூவோ என் காலில். முதல் வீட்டில் சொன்னது கடைசி வீட்டில் நிஜமாகிவிடுகிறது அம்மா, அப்படியொரு ஊர் இது.

கவலைப்படாதே. இன்று முதல் வீட்டில் கதையை மாற்றிவிட்டேன்: பையன் பிழைத்து வீடு திரும்புகிறான். சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார். கதை நம் வாசலில்தான் முடிகிறது, தாழ்ப்பாள் போடாதே.

உன் மகன்