முசே வீட்டு நாய்க்கும் ஒரு நிமிடம் நின்றோம்

என் சலீம் மச்சானுக்கு,

நீ போய் இன்றோடு பதினோரு நாள். இன்னும் முல்லா வீதியில் திரும்பினால் வண்டி தானாக உன் தையல் கடை முன்னால் வேகம் குறைகிறது. ஷட்டர் மூடியிருப்பதைப் பார்த்ததும், மணி பதினொன்றாகியும் கடை திறக்கலையே சோம்பேறிப் பயல் என்று வாய்வரைக்கும் வந்துவிடுகிறது. அப்புறம்தான் உறைக்கிறது. ஒரே செய்தியை ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் முதல் தடவையாகக் கேட்பான், சொல்.

இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன்னிடம் தனியாகச் சொல்ல எனக்கு மூன்று மாதம் இருந்தது, சொல்லவில்லை. நான் உன்னைப் பேசியது பத்துப் பேர் முன்னால். மன்னிப்பை மட்டும் யாருக்கும் தெரியாமல் கேட்டால் அது என்ன நியாயம்?

படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நாம் மரியாதையாக முசே என்று கூப்பிடுகிற லூர்து, பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அங்கே அவர் இருந்த ஒரு துறைமுக ஊரின் கால்பந்து கிளப்புக்கு நாம் பதினோரு பேர் ரசிகர்கள். முசேயைத் தவிர அந்த ஊரை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஞாயிறு சாயந்திரம் ஆட்டம் என்றால் குருசுக்குப்பத்தில் முசே வீட்டு மாடி அதிரும். பால்கனியில் நீ தைத்த பச்சை வெள்ளைக் கொடி தொங்கும். வாரம் முழுக்கத் தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில் கத்தியது போதாதென்று நான் அங்கேயும் வந்து கத்துவேன்.

நமக்கு ஒரு வழக்கம் உண்டு. நம்மில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அடுத்த ஆட்டத்தன்று கொடியைப் பாதியாக மடித்துக் கட்டுவோம். விசில் ஊதுவதற்கு முன் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். என் அம்மாவுக்கு நின்றோம். முசேயின் மனைவிக்கு நின்றோம். முசேயின் நாய் செத்தபோது மனுஷன் அழுத அழுகையைப் பார்க்க முடியாமல் அதற்கும் நின்றோம். நாய் மேலே பட்டால் கால் கழுவிக்கொண்டு வருகிற நீதான் அன்றைக்கு முதலில் எழுந்தாய்.

பிறகு கிளப்பை விற்றார்கள். வாங்கியது ஒரு எண்ணெய் நாட்டு அரசாங்கம். அதே அரசாங்கத்தின் விமானங்கள்தான் பக்கத்தில் இருக்கிற ஏழை நாட்டின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. இரண்டு நாட்டின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னவுடன் ஆளுக்கொரு பக்கமாகப் போய் நின்றுகொள்கிறோம். நாமும் அப்படித்தானே நின்றோம்?

எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. இனிமேல் நல்ல ஆட்டக்காரர்கள் வருவார்கள், கோப்பை வரும் என்று கேக் வெட்டினோம். நீ ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, காசு எங்கேருந்து வருதுன்னு பாருங்கடா என்றாய். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை. மூன்று மாதம் ஓயவில்லை.

எவ்வளவு பேசினோம்! பழைய முதலாளி மட்டும் தர்ம சத்திரமா நடத்தினான் என்று முசே கேட்டார். நீ வண்டிக்குப் போடற பெட்ரோல் எந்த ஊருது என்று ஒருத்தன் மடக்கினான். நீ மறுவாரம் சைக்கிளில் வந்தாய். மூன்றாவது வாரம் மூட்டுவலி வந்து மறுபடி ஸ்கூட்டருக்கு மாறினாய், நாங்கள் சிரித்த சிரிப்பில் முசேயின் பல்செட் கழன்றுவிட்டது. நீயும் சேர்ந்துதான் சிரித்தாய். ஆனால் பேச்சை மட்டும் விடவில்லை.

நான் உன்னை மடக்க ஒரு கேள்வியைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். சட்டை தைக்கக் கொடுத்தால், போடுகிறவன் யோக்கியனா என்று விசாரித்துவிட்டா அளவெடுக்கிறாய்? கேட்டுவிட்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன், கோல் போட்டவன் மாதிரி.

நீ நிதானமாகச் சொன்னாய். "கேக்க மாட்டேன் மச்சான். தைச்சிக் குடுப்பேன். ஆனா அவன் பேரை என் நெஞ்சுல குத்திக்க மாட்டேன்."

பதில் இல்லாதவனுக்குத்தான் கோபம் அதிகம் வரும்.

அந்த வாரம் அந்த ஏழை நாட்டில் ஒரு கடைத்தெருவில் குண்டு விழுந்தது. நீ போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். படத்தில் இடிந்த சுவருக்குக் கீழே ஒரு தையல் மெஷின். ஊசிக்கு அடியில் துணி அப்படியே இருந்தது, பாதி தைத்தபடி. நான் எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன்? இரண்டு வினாடி. பார்த்துவிட்டு, இன்னிக்கு கோல் கீப்பர் யாருன்னு பாரு என்றேன். இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. அது என் வாயா?

நீ எழுந்து, அந்தக் கடைத்தெருவில் செத்தவர்களுக்காக ஒரு நிமிடம் நிற்கலாமா என்று கேட்டாய். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாய். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்றான் ஒருத்தன். நிற்பதில் என்ன அரசியல் என்றான் இன்னொருத்தன். சரி, கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. வேண்டும் என்று ஐந்து கை. வேண்டாம் என்று ஐந்து கை. நான்தான் மிச்சம்.

கையை வேண்டாம் பக்கம் தூக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதுகிற புத்தி என்னுடையது.

"உங்க ஆளுங்கன்னாதான் உனக்குக் கண்ணுல தண்ணி வரும்" என்றேன்.

முப்பது வருஷமாக மச்சான் என்று கூப்பிட்ட வாய், மச்சான். உன் வீட்டு நோன்புக் கஞ்சியில் பங்கு கேட்டு வாசலில் நின்ற வாய். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"குண்டு போடறவனும் எங்க ஆளுதான் மச்சான்" என்றாய்.

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாய். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாட்டிலும் அதே தொழுகை, அதே நோன்பு. மூன்று மாதமாக வாய் கிழியப் பேசியும் அந்த ஒரு விஷயம் என் தலையில் ஏறவே இல்லை. உன்னை நியாயம் பேசுகிறவனாக நான் பார்க்கவே இல்லை. உன் பெயரை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாளே வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அதற்கு ரோஷம் என்று பெயர் வைத்திருந்தேன். நீயும் மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாய். அப்படியே இன்னொரு மூன்று மாதம் போயிற்று.

பிறகு கிளப்பிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உலகம் முழுக்க இருக்கிற ரசிகர் குழுக்கள் எல்லாம் கொடியில் புதுச் சின்னம் வைக்க வேண்டுமாம். பழைய நங்கூரத்துக்கு மேலே, புது முதலாளியின் பெயர் போட்ட தங்க வட்டம். யார் தைப்பது? ஊரில் உன்னை விட்டால் தையற்காரர் இல்லையா? இருக்கிறார்கள், நெல்லித்தோப்பில் மட்டும் நாலு பேர். நான்தான் வேண்டுமென்றே உன்னிடம் எடுத்து வந்தேன். செவ்வாய்க்கிழமை. தைச்சிக் குடுப்பேன்னு சொன்னியே, தைச்சிக் குடு என்று மேஜைமேல் போட்டேன்.

நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதிலுக்குத் திட்டி, அப்படியே பேச்சு வந்து, டீ குடித்து, சரியாகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. நீ கொடியை விரித்தாய். தங்க வட்டத்தை வைத்து டேப்பால் அளந்தாய். "சனிக்கிழமை வாங்கிக்க" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

வியாழக்கிழமை பகல், நான் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். முசே போன் பண்ணினார். தமிழும் பிரெஞ்சுமாகக் கலந்து அவர் பேசியதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாய் என்பதை அவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கையில் இருந்த ஐஸ் பாளத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேனாம். சாயந்திரமே உன்னைக் கொண்டுபோய்விட்டார்கள். உன்னை வைத்த சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். பள்ளிவாசலிலிருந்து கபரஸ்தான் வரைக்கும் இது வேறு யாரோ, சலீம் கடையில் இருக்கிறான் என்றே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரும் மாடியில் கூடினோம். கொடி உன் கடையில் இருந்ததால் பால்கனி வெறிச்சென்று கிடந்தது. உனக்காக ஒரு நிமிடம் நிற்க எல்லோரும் எழுந்தோம். அந்த நேரம் பார்த்து உன் மகள் ஆயிஷா படியேறி வந்தாள். காலாப்பட்டில் படிக்கிற பிள்ளை, வீட்டில் துக்கத்தை வைத்துக்கொண்டு, அத்தா சனிக்கிழமை கொடுப்பதாகச் சொன்ன சாமானை ஒரு நாள் தாமதமாகக் கொண்டுவந்திருந்தாள். கையில் துணிப்பை.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். அத்தாவுக்காக ஒரு நிமிடம் நிற்கிறோம்மா என்றார் முசே.

அவள் சத்தம் போடவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அத்தாவுக்கு மட்டும் ஓட்டு வேணாமா மாமா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ வீட்டில் சொல்லியிருக்கிறாய், நான் தூக்கிய கையையும் சேர்த்து. நின்றவர்களால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. எப்போது விசில் ஊதினார்கள் என்பதும் தெரியாது. அவள் பையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

கொடியை விரித்தோம். தங்க வட்டம் அதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. தைத்துவிட்டானே, பாவம் என்று ஒருத்தன் சொன்னான். அந்தப் பெயரை உன் கையாலேயே குத்த வைத்துவிட்டேனே என்று கொடியைத் திருப்பினேன்.

கச்சா தையல்.

மற்றவர்களுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் உன் கடை பெஞ்சைத் தேய்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? கோட்டுக்கு ட்ரயல் பார்க்கும்போது நீ கையால் ஓட்டுவாயே, நீள நீளமான வெள்ளை நூல், அது. போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் ஒரே இழுப்பில் உருவிவிடலாம், துணிக்குச் சேதம் வராது என்பாய். நூலின் முனையில் முடிச்சு இல்லை. விரலால் பிடிக்கிற அளவுக்கு வெளியே விட்டிருந்தாய். அடியில் பழைய நங்கூரம் அப்படியே இருக்கிறது.

மச்சான், இதை மட்டும் சொல். கச்சா ஓட்டிவிட்டு மெஷினில் தைக்க உட்காருவதற்குள் உயிர் போய்விட்டதா? இல்லை, இவ்வளவு போதும், மிச்சத்தை என் மச்சான் பாலு பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்படியே விட்டாயா? ஆயிஷாவிடம் கேட்டேன். கொடி மெஷின்மேல் இல்லை, மடித்துப் பையில்தான் இருந்தது என்கிறாள். ஆனால் நீ எந்த வேலையையும் இரவில் மடித்து வைக்கிறவன்தானே. எட்டு நாளாக அந்த நூல் முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

இங்கே விஷயம் என்னவென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் மூன்று கோல் போட்டு ஜெயித்தோம். புதிதாக வாங்கிய பையன் இரண்டு போட்டான். இரண்டாவதுக்கு என் கை தானாகத் தட்டிவிட்டது. தட்டியபிறகு கையைப் பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், இன்னும் அந்த ஆட்டம் பிடித்திருக்கிறது. நீ சொன்னது எல்லாம் சரியா என்றும் தெரியவில்லை. முசே இன்னும் பழைய முதலாளி கதையைத்தான் சொல்கிறார், ஆனால் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. தான் சொல்தாவாகப் போன ஊர்களில் குண்டு விழுந்த எந்தத் தெருவுக்கும் யாரும் எழுந்து நின்றதில்லை என்று நேற்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

வருகிற ஞாயிறு ஆட்டம் இருக்கிறது. கொடி என்னிடம் இருக்கிறது. பால்கனியில் கட்டுவதற்கு முன்னால், எல்லோரும் பார்க்க, அந்த நூலை நான் உருவுவேன். யாரையும் கை தூக்கச் சொல்ல மாட்டேன். கொடியைப் பாதியாக மடித்துக் கட்டிவிட்டு எழுந்து நிற்பேன். கூட யாராவது நின்றால் சரி, நிற்காவிட்டாலும் சரி. ஆயிஷாவையும் வரச்சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொல்லவில்லை.

முதல் நிமிடம் அந்தக் கடைத்தெருவுக்கு. துணியைப் பாதியில் விட்டுப் போன, பெயர் தெரியாத அந்தத் தையற்காரனுக்கு. உன் நிமிடம் அதற்கு அப்புறம்தான் மச்சான். அவர்களுக்கு முன்னால் வாங்கிக்கொள்ள நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

உன் வீட்டுக் கஞ்சியில் வளர்ந்த,
உன் மச்சான் பாலு