துவட்டுத் துண்டால் மூளவிருந்த போர் தணிந்தமை குறித்து எல்லைக்கோட்டைக்கு எழுதியது

வயல் விளைக; ஏரி நிறைக; எல்லை காக்கும் தோள்கள் தளராதிருக்க. தண்மருத நாட்டின் வடவாயிலைத் தம் மார்பால் அடைத்து நிற்பவரும், யானை பிளிறினாலும் இமை கொட்டாதவரும், நுரையாற்றுக் கோட்டைக்குத் தலைவருமாகிய செங்காரி மழவர் அவர்களுக்கு, நம் அரசி மணிநங்கைப் பெருமாட்டியாரின் திருவாய்மொழிப்படி, பேரமைச்சன் நெடுங்குன்றன் எழுதும் ஓலை. தங்களுக்கும், தங்கள் கோட்டைக்கும், கோட்டைக்குள் உறங்கும் ஒவ்வொரு குதிரைக்கும் நலம் உண்டாகுக.

குதிரைவீரன் கையில் தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. கார்மலை அரசர் வல்லேறனார் எதிர்க்கரையில் கூடாரம் அடித்துப் படை சேர்க்கிறார் என்றும், நம் வீரர் வேல் தீட்டிக் காத்திருக்கிறார்கள் என்றும், எதன் பொருட்டு இந்தப் போர் என்று அவர்கள் கேட்கையில் தங்களுக்கு விடை தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மண்ணின் பொருட்டோ, மணம் பேசி முறிந்ததன் பொருட்டோ என்று ஊகித்தும் இருந்தீர்கள். மழவரே, காரணம் ஒரு துவட்டுத் துண்டு. குளித்தபின் உடம்பு துவட்டும் துண்டேதான். உட்பொருள் தேட வேண்டாம்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். நுரையாற்று மதகை எந்த நாடு எப்போது திறப்பது என்னும் வழக்கு நம் பாட்டன்மார் காலத்தது. சென்ற கோடையில் அந்த மதகின்மேல் இரு நாட்டு உழவரும் மண்வெட்டியும் கடப்பாரையுமாக மோதி, தண்ணீருக்குப் பதிலாகக் குருதி இறங்கியதைத் தாங்கள் கண்ணால் கண்டவர். இனி ஒரு கோடை அப்படிப் போகலாகாது என்று நம் அரசியார் அழைக்க, வல்லேறனாரும் இசைந்து நம் தலைநகருக்கு விருந்தினராய் வந்தார். உடன்படிக்கை எழுதி முடித்தாயிற்று. அரசர் நீராடி வந்து தம் முத்திரையை இடுவது ஒன்றே மீதம் இருந்தது.

இங்கேதான் நம் அரண்மனை உடுப்பதிகாரி சிங்கார மாராயர் தம் பணியைச் செய்தார். சாதாரணத் துண்டு ஓர் அரசரின் திருமேனியைத் தீண்டுவது நாட்டுக்கு இழுக்கு என்பது அவர் கொள்கை. ஆகவே புதுத் துண்டை ஒருமுறையும் தண்ணீரில் நனைத்துப் பழக்காமல், நெசவுக் கஞ்சியோடு மேலும் கஞ்சி ஏற்றி, பலகைபோல் நிற்கச் செய்து, சந்தன எண்ணெயில் தோய்த்து, புனுகு பூசி, நடுவில் பொற்சரிகையால் அரச முத்திரையையும் பொறித்தார். முன்பு விருந்தினர்க்குக் கொடுத்தெடுத்த துண்டுகளையோ, பட்டும் போர்வையுமாக எல்லாவற்றோடும் ஒரே அண்டாவில் திணித்து, தண்ணீர் புகவும் இடமில்லாமல் அலசுவித்தார். அரண்மனை முற்றத்தில் கொடி கட்டித் துணி காயப்போடுவது பிற நாட்டுத் தூதர் கண்ணுக்கு அழகல்ல என்று அதற்குத் தடையாணையும் பிறப்பித்திருந்தார். எனவே புதிதும் பழையதுமாக எல்லாத் துண்டுகளும், மழைக்காலம் முழுவதும், நிலவறைப் பெட்டிக்குள் ஈரத்தோடு மடித்து வைக்கப்பட்டு, மிகுந்த மரியாதையோடு முடை வீசின.

வல்லேறனார் நீராடி எழுந்தார். வெள்ளித் தட்டில் துண்டு நீட்டப்பட்டது. அரசர் முகம் துடைத்தார். எண்ணெய் ஊறிய துண்டு தண்ணீரை உறிஞ்சவில்லை. நெற்றியிலிருந்ததைக் காதுக்கும் காதிலிருந்ததைக் கழுத்துக்கும் தள்ளியது. சரிகை முத்திரை மூக்கைக் கீறியது. அதன்பின் மணம் எழுந்தது. தவளை செத்த கிணற்றில் யாரோ சந்தனம் அரைத்தாற்போல் இருந்தது என்று அருகில் நின்ற மெய்க்காவலன் பிற்பாடு சொன்னான். அரசர் துண்டைத் தரையில் எறிந்து, தமக்கு நஞ்சூட்டவோ தம்மை நகையாடவோ அழைத்திருக்கிறார்கள், இரண்டில் எதுவாயினும் விடை வேலால் வரும் என்று கூறி, ஈர உடம்போடு குதிரையேறிப் போனார். முத்திரையிடாத உடன்படிக்கை மேடைமேல் கிடந்தது.

அரசவை கூடியது. மருத்துவர் விருந்தினர்க்குச் சளி பிடித்து மூக்கு பழுதாகியிருக்கும் என்றார். கணியர் நாளின்மேல் பழி போட்டார். மாராயர் எழுந்து, தம் துண்டைக் குறை சொல்லும் நாடு நாகரிகம் அறியாத நாடு என்றும், அத்தகைய நாட்டோடு போர் புரிவது நமக்குப் பெருமையே என்றும் கண்ணீர் மல்க உரைத்தார். படைத்தலைவர்கள் தோள் தட்டினர். இவ்வளவையும் கேட்டிருந்த அரசியார், "உங்களில் யாராவது அந்தத் துண்டை முகர்ந்து பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

ஒருவரும் இல்லை.

துண்டு கொண்டுவரப்பட்டது. அரசியார் முகத்தருகே கொண்டுசென்று, உடனே கையை நீட்டி அகற்றிப் பிடித்து, "நானாக இருந்தால் கூடாரம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், அன்றைக்கே படையை ஏவியிருப்பேன்" என்றார். பிறகு அவையை நோக்கி, இந்தத் துண்டுகளைத்தான் நீங்களும் பயன்படுத்துகிறீர்களா என்று வினவ, ஒவ்வொருவராகத் தலை குனிந்தனர். மருத்துவர் மேலாடையின் தலைப்பால் துடைத்துக்கொள்வதாகச் சொன்னார். கணியர் வெயிலில் நின்று காய்வதாகச் சொன்னார். தாமும் சேலை முந்தானையால்தான் துடைத்துக்கொண்டு வருவதாகவும், அரண்மனைத் துண்டைப் பழிப்பது தமக்கே தகாது என்று வாய்மூடி இருந்ததாகவும் அரசியாரே ஒப்புக்கொண்டார். ஒரு நாடே ஈரமாக நடமாடிக்கொண்டு, துண்டைப் புகழ்ந்துகொண்டிருந்தது, மழவரே.

உடன்படிக்கையையும், குற்றத்துக்குச் சான்றாக அரண்மனைத் துண்டுகள் சிலவற்றையும் என் கையில் தந்து, எதிர்க்கரைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வருமாறு அரசியார் பணித்தார். உயிரோடு திரும்புவேனா என்பது குறித்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் மனைவியாரை அழைத்துத் தம் அருகில் அமர்த்திக்கொண்டதைக் கண்டேன். பரிசல் நடு ஆற்றை அடையும்போது மழை பிடித்துக்கொண்டது. எதிர்க்கரையில் இறங்குகையில் தாடியிலிருந்து தண்ணீர் வழிந்தது; என் அங்கவஸ்திரத்தைப் பிழிந்தால் ஒரு குடம் நிறையும்.

வல்லேறனார் கூடாரத்தில், அவருக்கு வலப்புறம் அவர் தமக்கையார் வேங்கையம்மையார் இருந்தார். உடன்படிக்கைக்குத் தம்பியை இசைவித்தவர் இவரே. அரசர் என் வணக்கத்தை ஏற்கவில்லை. ஆயினும் நனைந்து வந்தவனுக்குத் துண்டு தராதது கார்மலையின் பண்பன்று என்று சொல்லி, தம் உடுப்பதிகாரியை ஏவினார். மயிற்பீலி சூட்டிய பேழை திறக்கப்பட்டது. துண்டு என் கைக்கு வந்தது. பலகைபோல் நின்றது. சரிகை மின்னியது. மழவரே, அதே மணம்.

இரு கைகளிலும் ஏந்தியபடி நின்றேன். முகம் சுளித்தால் அரசரை இழிவுசெய்தவன் ஆவேன். துடைத்தால் மயங்கி விழுவேன். வாளேந்தியவர்கள் சுற்றி நின்றார்கள்.

"ஏன் துடைக்கவில்லை?" என்றார் அரசர்.

"அரசே, இந்தத் துண்டை நான் அறிவேன். இதன் உடன்பிறப்பு எங்கள் அரண்மனையில் இருக்கிறது" என்றேன்.

வாள்கள் உறையிலிருந்து பாதி எழுந்தன. அப்போது வேங்கையம்மையார் எழுந்து வந்து, துண்டை என் கையிலிருந்து பிடுங்கி முகர்ந்தார். அடுத்து அவர் சொன்னதை ஓலையின் மரியாதைக்காக மாற்றாமல் அப்படியே எழுதுகிறேன்: "அடேய் தம்பி! நாத்தம் நாத்தம்னு படை திரட்டிட்டு வந்தியே, இது என்னடா? நம்ம வீட்டுத் துண்டு அதுக்குப் பெரியண்ணனால்ல இருக்கு!"

அரசரும் முகர்ந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். பின்பு தம் உடுப்பதிகாரியைப் பார்த்து, இந்த முறையை எங்கே கற்றாய் என்று கேட்டார். தண்மருத நாட்டுச் சிங்கார மாராயரிடம் ஓலைவழி கற்றதாக அவர் பெருமிதத்தோடு மொழிந்தார். இரு நாடுகளும் தண்ணீரை மறித்தன, உப்பை மறித்தன, பெண் கொடுப்பதை மறித்தன. இந்தக் கலை ஒன்றுமட்டும் தடையின்றி ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அதன்பின் கூடாரத்தில் அதிகாரம் செலுத்தியவர் வேங்கையம்மையார். முன்னொரு காலத்தில் அரசுரிமைக்குப் போட்டியிட்ட தாயத்தார் சூழ்ச்சியால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு காட்டில் மறைந்து வாழ்ந்தவர் அவர். தம் துணியைத் தாமே துவைத்தவர். படைக்குச் சோறு வடிக்கும் கொப்பரையில் வெந்நீர் வைக்கச் சொன்னார். யான் கொண்டுபோனவையும் அவர்களுடையவையுமாக இரண்டு நாட்டுத் துண்டுகளையும் சரிகையைப் பிரித்து அதில் இடுவித்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திணிக்க வந்த சேவகனை, "துணி நீந்தணும்டா, நெரிசல்ல நிக்கக் கூடாது" என்று தடுத்தார். சாம்பல் கரைத்துத் தெளிந்த நீர் விட்டு ஊறவைத்து எண்ணெயை எடுத்தார். பூந்திக்கொட்டை நுரையில் கசக்கினார். முடை போகாதவற்றைப் புளித்த காடி கலந்த நீரில் இன்னொரு முறை முக்கினார். நுரை ஒட்டியிருந்தால் துண்டு மீண்டும் விறைக்கும் என்று, தெளிந்த நீர் தெளிந்தபடியே வடியும்வரை அலசச் சொன்னார். அலசியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஆற்றங்கரைக் கல்லின் முன் வல்லேறனாரும் யானும், முழங்கால்வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றோம். அரசர் பகைவன் தலையை அடிப்பதுபோல் கல்லில் அடித்தார். "மெதுவா. நூல் அறுந்தா துண்டு வழுக்கையாயிடும்" என்று தமக்கையார் சொல்ல, நாடாளும் கை தணிந்தது.

மழை விட்டு வெயில் வந்தது. பிழிந்த துண்டை உதறி, இழைகள் எழும்பி நிற்கச் செய்து, இரட்டையாய் மடித்துப் போடாமல், காற்று இருபுறமும் போகும்படி கொடியில் விரித்தோம். இனிக் காயவேண்டும். காயாத துண்டை எடுக்க வேங்கையம்மையார் எவரையும் விடவில்லை. அரசருக்கோ, துண்டு காயாமல் போர் தொடுப்பதா சமாதானம் செய்வதா என்று முடிவுசெய்ய மனமில்லை. ஆகவே கொடியின் கீழே இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும்? அரசரே மதகைப் பற்றி எடுத்தார். சென்ற கோடையில் அங்கே இறந்தவர்களில் தம் தேரோட்டியின் தம்பியும் ஒருவன் என்றும், அன்றுமுதல் தேரோட்டி தம் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்றும் மெல்லிய குரலில் சொன்னார். நம் பக்கத்தில் இறந்த உழவன் வீட்டுக்கு யான் போய் நின்றதையும், அவன் மனைவி என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதையும் சொன்னேன். அரசர் கொடியில் நழுவிய ஒரு துண்டை இழுத்து விட்டார். பிறகு உடன்படிக்கையை எடுங்கள் என்றார். விதைப்புக் காலத்தில் அவர்கள் கரைக்கும் கதிர் பிடிக்கும் காலத்தில் நம் கரைக்கும் முதல் தண்ணீர் என்று இருந்ததை, தண்ணீர் குறைந்த ஆண்டில் இருவருக்கும் சரிபாதி என்று அவரே திருத்தினார். நம் அரசியார் கேட்கத் தயங்கிய வரி அது.

தமக்கையார் துண்டின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். விளிம்புதான் கடைசியாகக் காயுமாம். காய்ந்தது என்றார். வல்லேறனார் ஆற்றில் முகம் கழுவி, நம் நாட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டார். துண்டு தண்ணீரைக் குடித்தது. வெயிலின் மணமன்றி வேறு மணம் இல்லை. அதே கையால் முத்திரையை இட்டார்.

திரும்பி வந்து அரசியாரிடம் யாவும் உரைத்தேன். சிங்கார மாராயரின் பதவியைப் பறிக்க வேண்டும் என்று அவையோர் ஆர்ப்பரித்தனர். முதல் குரல் மருத்துவருடையது. அரசியார் பறிக்கவில்லை. அடுத்த மழைக்காலம் முடியும்வரை மாராயர் தாம் செய்த துண்டுகளாலேயே துவட்டிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் ஆணையிட்டார். இரண்டாம் நாளே மாராயர் முற்றத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே மழவரே, இவ்வோலை கண்டவுடன் அம்பறாத்தூணிகளை அவிழ்த்து வைப்பதும், மதகின் காவலை இரு நாட்டு உழவரிடமும் ஒப்படைப்பதும் தங்கள் கடமை. வரும் முழுநிலா நாளில் வல்லேறனார் தமக்கையாரோடு மதகைத் திறக்க வருவார். தங்கள் கோட்டையிலேயே நீராடுவார். அவருக்குரிய துண்டுகளைத் தனியே துவைத்து, கஞ்சியோ எண்ணெயோ புனுகோ காட்டாது, நன்கு அலசி, உதறி, வெயிலில் விரித்து, விளிம்பு காய்ந்தபின்னரே மடிக்கச் செய்க. கோட்டைக்குள் வெயில் விழும் இடம் மதில் உச்சி ஒன்றே என்பதை அறிவேன். அங்கேயே கட்டுக. ஆற்றின் குறுக்கே போவோர் மதில் முழுதும் வெள்ளைத் துணி பறப்பதைக் கண்டு தண்மருதம் சரணடைந்துவிட்டது என்று பேசினால், மறுக்க வேண்டாம், வாள் உருவவும் வேண்டாம். துண்டு காய்கிறது என்று சொல்லி அனுப்புக.

இது அரசியாரின் ஆணை. அரக்கு உருக்கி, நெற்கதிர் முத்திரை பதித்து, பேரமைச்சன் நெடுங்குன்றன் கையொப்பத்தோடு விடுத்தது. ஈரக் கையால் பிரிக்கற்க.