வெறும் தூளி ஆடிய படம்

ஐப்பசி, புதன் இரவு

நானே வடிவமைத்த எங்கள் வீட்டுக் கூடத்தை வீட்டு அலங்கார இதழுக்குப் படமெடுக்க இன்று சென்னையிலிருந்து வந்தார்கள். கடைசியில் அந்தப் போட்டோகிராபர் பெண், "தூளிய கொஞ்சம் ஆட்டுங்க மேடம், அசைவு இருந்தா நல்லா வரும்" என்றாள். பிள்ளை அடுக்களையில் அத்தையின் இடுப்பில் இருந்தான். வெறும் தூளியை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பார்கள். நான் நம்புவதில்லை. ஆட்டினேன்.

சாயங்காலத்திலிருந்து கால்களை மடக்கி மடக்கி அழுகிறான். அத்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, வந்தவங்க யாராச்சும் வெறும் தூளிய ஆட்டுனாங்களா?"

"இல்லத்தை, யாரும் தொடவே இல்ல."

"பின்ன எதுக்குடா இப்படி ஊரக் கூட்டுற? விடியட்டும், நாகூருக்குத் தூக்கிட்டுப் போயி மந்திரிச்சிட்டு வருவோம்."

வாயுவாகத்தான் இருக்கும். காலையில் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இப்போதுதான் அந்தப் பெண்ணிடமிருந்து தூளிப் படத்தோடு செய்தி வந்தது. அந்தப் படம்தான் அட்டையாம். எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் இதற்கு. பெரிதாக்கிப் பார்த்தேன். தூளியைத் தள்ளுகிற கை தெளிவாகத் தெரிகிறது, அத்தை போட்டுவிட்ட வளையலோடு.

வேறு படம் போடுங்கள் என்று அனுப்பலாம். மூன்று முறை அடித்து மூன்று முறையும் அழித்துவிட்டேன். மறுபடி அழுகிறான்.