கேன்டீன் சுவரில் இல்லாத தாள்

அக்டோபர் 16

போதும், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. நோட்டிலாவது எழுதுகிறேன்.

விம்கோ நகரில் எங்கள் கன்டெய்னர் யார்டின் கேட் கிளார்க் சைமா, மேலாளர் சைமன் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்திருக்கிறாள். எடைமேடை அறையில் கதவைச் சாத்தி, கையைப் பிடித்து இழுத்தானாம். கடைசியாக நடந்தது ஜூன் 3. புகார் கொடுத்தது நேற்று முன்தினம்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எழுதவே கூசுகிறது. நான் வேலை கற்றுக்கொடுத்த பயல், எம்.ஏ. படித்த என்னைத் தாண்டி மேலாளர் ஆனவன். படட்டும்.

அக்டோபர் 22

புகார்க் குழு கூடியது. ஆபீஸ் கிளார்க் என்பதால் குறிப்பெடுக்க நான். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை ஏற்கலாம் என்றார் தலைவி ஜானட் மேடம். "ஏம்மா லேட்டு?"

"இப்டி ஒரு குழு இருக்குறதே தெரியாது மேடம்."

சைமன் சிரித்தான். "கேன்டீன் செவுத்துல மூணு வருசமா கமிட்டி நோட்டீஸ் ஒட்டிக்கீது மேடம். ரெஜிஸ்டர் பாருங்க."

பதிவேட்டை எடுத்து வந்தவன் நான். 'ஒட்டப்பட்டது' என்பதன் கீழே இருந்ததும் என் கையெழுத்துதான்.

ஒட்டவில்லை. அந்தத் தாள் என் பீரோவுக்குப் பின்னால் சுருட்டியபடி கிடக்கிறது. அது வந்த வாரம்தான் அவனுக்குப் பதவி கொடுத்தார்கள். நான் போய்ச் சுவரில் பசை தடவுவதா? கையெழுத்துப் போட்டுவிட்டு மூலையில் எறிந்தேன். அவன்மேல் இருந்த கோபம்தான் இப்போது அவனுக்கே காவல்!

அக்டோபர் 24

கேன்டீன் வியாகுலம்மாள் கத்திக்கொண்டிருந்தாள். "டெய்லி நான் தொடைக்கிற செவுரு. மாதா காலண்டரு ஒண்ணுதான் கீது. நோட்டீசாம் நோட்டீசு! எந்தக் கம்னாட்டி கையெழுத்து போட்டான்?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 29

"லியோ சார், திங்கக்கிழம முடிவாம். லேட்டுன்னு புகாரத் தள்ளிடுவாங்கன்றாங்க. தள்ளிட்டா வேலைய வுட்டுர்றேன் சார். அந்தாளு மூஞ்சில தெனம் முழிக்க முடியாது" என்றாள் சைமா.

நான் சொன்னால்? வயிற்றெரிச்சல் என்பான் சைமன். வயிற்றெரிச்சல்தான், இல்லையா? வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் — அவள் போவாள், அவன் இருப்பான்.

அக்டோபர் 30

மொட்டைக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். பதிவேட்டில் இருப்பது என் பெயர். பெயரில்லாத கடிதம் அதை எப்படி அழிக்கும்?

அக்டோபர் 31

முழுப் பெயரோடு எழுதிய கடிதத்தையும் தூசி படிந்த அந்தத் தாளையும் ஜானட் மேடத்திடம் கொடுத்தேன். சைமன்மேல் எனக்குள்ள வன்மத்தையும் கடிதத்தில் மறைக்கவில்லை.

"உங்களுக்கு மெமோ வரும், தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

நவம்பர் 3

தாமதத்தை ஏற்றுக்கொண்டு, நோட்டீஸ் ஒட்டப்படாததுதான் காரணம் என்று எழுத்தில் பதிந்து சைமாவிடமும் சொல்லிவிட்டார்கள். விசாரணை பதினேழாம் தேதி. எனக்கு மெமோ.

கேட்டில் சைமா நிமிர்ந்து பார்த்தாள். "மூணு வருசம், சார்" என்றாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

நவம்பர் 5

காலை ஷிப்டுக்கு முன் தாளின் நகலோடு கேன்டீனுக்குப் போனேன். வியாகுலம்மாள் மைதாப் பசை காய்ச்சித் தந்தாள். "இப்பவாச்சும் ஒட்டு நைனா."

தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவால் எழுதினேன்: 'கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். அது தாண்டியிருந்தாலும் ஆறு மாதத்துக்குள் வாருங்கள், காரணத்தைச் சொல்லுங்கள்.'

பழக்கத்தில் கை கையெழுத்துக்குப் போனது. நிறுத்தினேன். இதற்குக் கையெழுத்து வேண்டாம். ஒட்டினால் போதும்.