திங்கட்கிழமை வலிப்பதில்லை

மார்ச் 7, செவ்வாய்

மருந்துக்கடைக்காரர் சொன்னதால் எழுதுகிறேன். வயிற்று மருந்துக்கு நாலாவது தடவை போய் நின்றேன். "என்ன சாப்பிட்டீங்க, எப்ப வலிச்சுது, எழுதிட்டு வாங்கம்மா. அது இல்லாம இனிமே மருந்து கிடையாது" என்றார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எங்கள் கோழி வறுவல் கடையில் எழுத்து வேலையெல்லாம் வீட்டுக்காரர்தான் பார்த்தார். அவருடைய ஆர்டர் நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில் எழுதுகிறேன்.

காலை: சோறு, முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய். மதியம்: நூடுல்ஸ். சாயங்காலம் கடை மூடும்போது: அவர் பங்கு. ஒரு மணி நேரத்தில் வலி.

மார்ச் 8, புதன்

வலி. வலது விலாவுக்குக் கீழே. அங்கிருந்து முதுகுக்குப் போய்த் தோள்பட்டையில் குத்துகிறது. இரண்டு மணி நேரம்.

அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, என் கையை மேலிருந்து கீழே உருவிவிட்டார். செரிக்காத வயிற்றுக்கு அவர் செய்யும் கைவைத்தியம்: கட்டைவிரலில் நூலைச் சுற்றி, நக ஓரத்தில் ஊசியால் குத்தினார். கறுப்பாக ரத்தம் வந்தது.

"பாரு. இது சோறு அடைச்ச வலி இல்ல. உள்ள அடக்கி வச்சது நெருப்பா நிக்குது. என் புள்ள செத்தப்ப நீ வாய்விட்டு அழுதிருக்கணும்."

"நீங்க அழுதீங்களா அத்தை?"

"எம்பத்திமூணு வயசுல கண்ணுல தண்ணி எங்க இருக்கு?"

மார்ச் 11, சனி

அவர் பங்கு என்றால் என்னவென்று எழுதவில்லை. கோழிக்கழுத்தும் தோலும். இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் கோழி வறுத்தோம். கடைசி எண்ணெயில் அதைப் போட்டுக் கொடுப்பேன். சுடச்சுட நின்றுகொண்டே தின்பார்.

போன மே மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். மறுபடி கடை திறந்த அன்றைக்கு என் கை தானாக அவர் பங்கை எண்ணெயில் போட்டுவிட்டது. தூக்கி எறிய மனசு வரவில்லை. நானே தின்றேன். அன்றிலிருந்து தினமும். அதற்கப்புறம்தான் வலி வர ஆரம்பித்தது. வலிக்கும்போது, வந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். —இதை எப்படி மருந்துக்கடையில் காட்டுவது?

மார்ச் 13, திங்கள்

கடை விடுமுறை. வலி இல்லை.

மார்ச் 22, புதன்

மருந்துக்கடைக்காரர் நோட்டைப் புரட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அத்தையும் கூட வந்தார். சின்ன வயசு டாக்டர் அம்மா. வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார். பித்தப்பையில் ஏழெட்டுக் கல்.

"கல்லு இல்ல டாக்டர். புருஷன் போன துக்கம்" என்றார் அத்தை.

டாக்டர் நோட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். "திங்கட்கிழமை மட்டும் ஏன் வலிக்கல?"

கடை விடுமுறை என்றேன். திங்கட்கிழமைதான் என் கைக்கு வேலை கிடையாது. அன்றைக்குத்தான் அவர் நினைப்பு ஆளைத் தின்னும். அது துக்கத்தின் வலி என்றால் திங்கட்கிழமை நான் செத்தே போயிருக்க வேண்டும்.

"எண்ணெய் உள்ள போனா பை சுருங்குது. கல்லு வாயை அடைக்குது. திங்கட்கிழமை நீங்க வறுத்தது எதுவும் தின்னல, அதான்."

கரைக்க மாத்திரை இல்லையா என்று கேட்டேன். "சின்னக் கல்லு சிலதுக்குத்தான் கேக்கும். அதுவும் மாசக்கணக்கில. நிறுத்தினா திரும்ப வரும். வலி தராத கல்லா இருந்தா சும்மா விட்டுடலாம். உங்களுது வலிக்குது. பையோட எடுத்துடலாம். சின்னச் சின்னத் துளைதான்."

"பை இல்லாம எப்படி?"

"பித்தம் கல்லீரல்ல ஊறுது. பை சேத்து வைக்கிற இடம், அவ்வளவுதான். அது இல்லாட்டி நேரா குடலுக்குப் போயிடும். எடுக்கிற வரைக்கும் எண்ணெய் வேணாம். காய்ச்சல் வந்தாலோ கண்ணு மஞ்சளானாலோ ஒரு நாள்கூட உக்காந்திருக்காதீங்க."

பஸ்ஸில் அத்தை முணுமுணுத்தார். "ரோஷம் கெட்டவளத்தான் பித்தப்பை இல்லாதவன்னு ஊர்ல ஏசுவாங்க. நீ நெசமாவே அப்படி ஆகப்போறியா?"

அதையே சாக்காக வைத்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்காமல் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

அவர் பங்கைத் தின்றேன். தெரிந்தேதான் தின்றேன். வலி.

ஏப்ரல் 5, புதன்

காலையிலிருந்து குளிர் நடுக்கம். சொல்லவில்லை. அத்தை ஊசியோடு வந்தவர் என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"ஏ புள்ள, கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கழுத்து, தோல், தினமும்.

அத்தை ஊசியைக் கீழே வைத்தார். "அவன் பங்க பூனைக்குப் போடறேன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம், "அவனப் பொதைச்ச மேட்டுக்கு ஏறவே என் முட்டி விட்டுப்போச்சு. இன்னொருத்தரப் பொதைக்க நான் ஏற மாட்டேன். எந்திரி."

ஏப்ரல் 13, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு கல் பித்தக் குழாயில் இறங்கி அடைத்திருந்ததாம். முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு பையை எடுத்தார்கள்.

கையெழுத்துத் தாளில் பொறுப்பாளர் பெயர் கேட்டார்கள். அந்த இடத்தில் எப்போதும் அவர் பெயர்தான் இருக்கும். நான் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தேன். அத்தை பிடுங்கிக் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார். "பித்தப்பை இல்லாத மருமவளே எனக்குப் போதும்" என்றார் நர்ஸிடம்.

"விரல்ல எல்லாம் என்ன புள்ளி?" என்று என் கையைப் பார்த்து நர்ஸ் கேட்டபோது மட்டும் அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

கல்லைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகு மாதிரி இருக்கிறது. ஆட்டிப் பார்த்தேன். வெறும் கல்.

மே 14, ஞாயிறு

அவருக்கு முதல் திவசம். படையலில் மீனுக்கும் பேரிக்காய்க்கும் நடுவில் அத்தை கோழிக்கழுத்தையும் தோலையும் வைத்தார். கும்பிட்டு முடித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். என் கை தட்டுக்குப் போனது. பட்டென்று அடித்தார்.

"இனிமே அது என் பங்கு."

இருக்கிற நாலு பல்லால் மென்றார். "நல்லா வறுத்திருக்க. உப்புதான் கம்மி." எனக்கு வேகவைத்த நெஞ்சுக்கறியைப் பிய்த்துச் சோற்றின் மேல் வைத்தார்.

மே 15, திங்கள்

விடுமுறை. காலை: கஞ்சி. வலி இல்லை.

அவர் ரப்பர் செருப்பைக் கழுவி வெயிலில் வைக்கும்போது அழுகை வந்தது. நிற்கவில்லை. சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தார், கையில் நூலும் ஊசியும்.

"எங்க வலிக்குது? விரல நீட்டு."

"வேணாம் அத்தை. இது அந்த வலி இல்ல."

என் முகத்தைப் பார்த்தார். ஊசியைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார்.