பத்து முப்பத்தைந்து மணிச் சிரிப்பைக் குலைத்தது குறித்து

அனுப்புநர்:
லெனோர் ஸ்டாஷக்,
கீழ்த்தளம், 2914, தெற்கு லாக்வுட் தெரு,
மில்வாக்கி, விஸ்கான்சின்.

பெறுநர்:
உரிமப் புதுப்பிப்பு அதிகாரி அவர்கள்,
தொலைக்காட்சி நிலையங்கள் பிரிவு,
வாஷிங்டன்.

பொருள்: சேனல் 71 தனது இரவுப் பேச்சு நிகழ்ச்சியின் ஆளையும் நேரத்தையும் இஷ்டத்துக்கு மாற்றியதால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த கேடு, அதன் உரிமத்தைப் புதுப்பிக்க ஆட்சேபணை.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

நான் வேலையற்றுப் போய் மனு எழுதுகிறவள் அல்ல. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். எனக்குக் கத்தித்தான் பழக்கம். ஆனால் கத்துவதற்கு ஆள் அகப்படவில்லை. சேனல் 71-க்கு ஃபோன் செய்தால் ஒரு இயந்திரம் என் கருத்து அவர்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுகிறது. ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

1. இருபது வருடங்களுக்கும் மேலாக, பத்து மணிச் செய்தி முடிந்ததும், பத்து முப்பத்தைந்துக்குப் பட்டி ஹால்வர்சன் என்பவர் இந்தச் சேனலில் வந்து ஊர் வம்பு பேசி எங்களைச் சிரிக்க வைத்துத் தூங்க அனுப்புவார். அவர் பெரிய மேதை ஒன்றும் இல்லை. அவருடைய ஜோக்குகளில் பாதியை நான் பேருந்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கேட்டிருக்கிறேன். ஆனாலும் நேரத்துக்கு வந்துவிடுவார்.

2. போன இலையுதிர் காலத்தில், சேனலின் தலைமை இருக்கும் நியூயார்க்கில் கோட்டு சூட்டு போட்ட சிலர் கூடி, "இளைய நேயர்களின் நலன் கருதி" பட்டியை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி, கிப் லாண்ட்ரி என்ற பையனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பட்டி ரோஷக்காரர். கோபித்துக்கொண்டு எதிரிச் சேனலான 73-க்குப் போய், அதே பத்து முப்பத்தைந்துக்குக் கடை விரித்துவிட்டார். நிகழ்ச்சியை மாலை வெயிலில் படம்பிடித்துவிட்டு நம்மிடம் நடுராத்திரி என்று சொல்கிறவர்கள் இவர்கள். டப்பாவில் அடைத்த சரக்கை எந்த அலமாரியில் வைத்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள். கிப்பைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை. நல்ல தலைமுடி. ஜோக்கைச் சொல்லுமுன் அவனே சிரித்துவிடுவதால் நமக்கு வேலை மிச்சம்.

3. எங்கள் வீடு இந்த ஊர் வழக்கப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை வீடு. கீழே நான். மேலே, 2914-A-யில், என் தங்கை வெர்னா. நாங்கள் பேசிப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. காரணம், எங்கள் அப்பா வருடாவருடம் கிடைக்கும் தன்னுடைய இரண்டு கால்பந்து சீசன் டிக்கெட்டுகளை உயிலில் அவள் பெயருக்கு எழுதிவிட்டார். இந்த மாநிலத்தில் அந்த டிக்கெட்டுக்குப் பெயர் பதிந்தவர்களுக்குப் பேரன் காலத்தில்தான் முறை வரும். அப்பாவோடு ஒவ்வொரு டிசம்பரும் பனியில் உட்கார்ந்து விறைத்தவள் நான். அவளோ தன் முறை வந்தால் பாதி ஆட்டம் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் அடியில் குளிர் காய்வாள். அப்பா போனபின் நடந்த முதல் ஆட்டத்துக்கு, அவள் தன் பல் வைத்தியரைக் கூட்டிக்கொண்டு போனாள். அதோடு பேச்சு நின்றது.

4. ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. அவள் சிரித்தால் உருளைக்கிழங்கு மூட்டை படியில் உருள்வது போல இருக்கும். எனக்கு மூக்கால் ஒரு சத்தம் வரும். பட்டி வாயைத் திறப்பார். மேலே மூட்டை உருளும், கீழே என் மூக்கு. இரண்டும் ஒரே நொடியில். எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான், அது போதுமானதாகவும் இருந்தது. மூட்டை உருளாத இரவுகளில் அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று எனக்குத் தூக்கம் வராது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் அரசாங்கம் என்பதால் சொல்கிறேன்.

5. கிப் வந்ததும் நான் யோசித்தேன். வெர்னா சோம்பேறி, ரிமோட் கால்மாட்டில் கிடந்தாலும் எடுக்க மாட்டாள், 71-லேயேதான் கிடப்பாள். ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிப்பைப் பார்த்தேன். மேலே இருந்து டிராம்போன் கேட்டது. டிராம்போன் பட்டியின் இசைக்குழுவில்தான் உண்டு. சரி என்று மறுநாள் நான் 73-க்குப் போனேன். மேலே டம் டம் என்று கிப்பின் டிரம் மெஷின். அதற்கு மறுநாள் நான் 71, மேலே டிராம்போன். குளிர்காலம் முழுக்க இதே கூத்து. நான் சிரித்தால் மேலே மயான அமைதி. அவள் சிரிக்கும்போது என் திரையில் யாரோ ஒரு நடிகை தன் நாய்க்கு நடந்த அறுவை சிகிச்சையைச் சொல்லி அழுதுகொண்டிருப்பாள்.

6. என்னைக் கண்டால்தான் ஆகாது, என் சிரிப்பைக் கேட்டாலுமா ஆகாது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிப்ரவரியில் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தேன். அவள் பதிலுக்குத் தரையை மிதித்தாள். என் சமையலறை விளக்கின் கண்ணாடிக் கூடு விழுந்து நொறுங்கியது. இதற்குச் சேனல் 71-தான் பொறுப்பு என்பது என் கட்சி.

7. இத்தகைய ஆட்சேபணையில் இரண்டு தனித்தனி வீட்டாரின் கையெழுத்து வேண்டும் என்று தங்கள் அறிவிப்பு சொல்கிறது. எதிர்வீட்டார் ஃப்ளோரிடாவுக்குப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் டிவியே கிடையாது, புத்தகம் படிக்கிறார்களாம். மீதி 2914-A. நேற்று வெள்ளிக்கிழமை. இந்த ஊரில் வெள்ளி தவறாமல் எல்லாரும் போகும் மீன் வறுவலுக்குப் போகாமல், மேற்கண்ட ஆறு பத்திகளோடு பின்பக்கப் படியேறினேன். வெர்னா கதவைத் திறந்து, "யாரு செத்தா?" என்றாள். யாரும் சாகவில்லை, கையெழுத்து வேண்டும் என்றேன். நின்றபடியே படித்தாள். ஐந்தாம் பத்தி வந்ததும் அவள் சொன்னதை உள்ளபடியே பதிவு செய்கிறேன்:

"அடிப்பாவி! உனக்குப் பட்டின்னா உசுராச்சேன்னு நான் 73-க்குப் போனா, நீ அந்தச் சீப்பு மண்டையன்கிட்ட ஓடிட்ட. சரி, இந்த வயசுல உனக்குப் புத்தி பெரண்டுடுச்சுன்னு நான் அவன்கிட்ட வந்தா, நீ பட்டிகிட்ட திரும்பிட்ட. நான் என்னடி பண்ணுவேன்? அமுக்கி அமுக்கி என் ரிமோட்ல நம்பரே அழிஞ்சு போச்சு!"

வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்றேன். "நீ கேட்டியா?" என்றாள்.

மூன்றாம் பத்தியில் பல் வைத்தியரைப் பற்றிய வரியை அடித்துவிடச் சொன்னாள். நான் மறுத்துவிட்டேன். "அவன் அந்த ஒரு ஆட்டத்தோட சரி, குளிருதுன்னு ஓடிட்டான். அப்புறம் அந்த சீட்டுல என் கோட்டுதான் உக்காந்திருக்கு" என்றாள். நான் வந்தது கையெழுத்துக்காக. அவள் தாளின் அடியில் போட்டுக் கொடுத்துவிட்டதால், நடுவில் மிச்சமிருந்த இடத்தில் இதையெல்லாம் நெருக்கி எழுதுகிறேன். நேற்றிரவு பட்டி ஒரு படு மட்டமான ஜோக் சொன்னார். மூட்டை உருண்டது. நான் எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது, கண்ணெல்லாம் நனைந்துவிட்டது.

8. கிப்பையும் இப்போது நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டு, ஒரே சோபாவில் இரண்டு பேரை உட்கார வைக்கப் போவதாகச் செய்தி வருகிறது. சேனல் 71-க்கு உரிமம் கொடுப்பதாயிருந்தால், யாரை எங்கே நகர்த்துவதானாலும் எங்கள் தெருவில் முதலில் கேட்டுவிட்டு நகர்த்த வேண்டும் என்று நிபந்தனை விதிக்குமாறு வேண்டுகிறேன்.

இன்னொரு வேண்டுகோள். இந்த மனுவில் ஏதாவது குறை இருக்கும். நான் வழக்கறிஞர் அல்ல. தயவுசெய்து பெருந்தன்மையாக அதை மன்னித்துவிட வேண்டாம். இரண்டு கையெழுத்தும் புதிதாக வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். நான் மறுபடி மேலே போக வேண்டியிருக்கும். கால்பந்து சீசன் செப்டம்பரில் தொடங்குகிறது. அதற்குள் ஒரு முறையாவது திருப்பி அனுப்பினால் நலம்.

நாள்: மார்ச் 9
இடம்: மில்வாக்கி

இப்படிக்கு,
லெனோர் ஸ்டாஷக் (கீழ்த்தளம்)

வெர்னா ஸ்டாஷக் (மேல்தளம்)
லெனோர், இனிமே 73. மாத்தாதே.